கதவுக்கு வெளியே வைத்த வால்வு

ஹீட்டர் எரியவில்லை என்று யாராவது கூப்பிட்டால் முதலில் போனிலேயே நாலு கேள்வி கேட்பது என் வழக்கம். கேஸ் வருகிறதா, வால்வு திறந்திருக்கிறதா, குமிழை அழுத்திப் பிடித்தீர்களா, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா. பாதிப் பேருக்கு அதிலேயே எரிந்துவிடும். மீதிப் பேர் வீட்டுக்குத்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். முக்கர்ரம் அக்கா கூப்பிட்ட அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் கேட்க விடுகிற ஆளும் இல்லை.

"ஹம்தம், எரியலைன்னு சொல்றேன்ல? கெளம்பி வா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜனவரி மாதம், நடுப்பகல். எங்கள் ஊர் உர்குத்தில் மூன்று நாளாகப் பனி கொட்டி அன்றுதான் ஓய்ந்திருந்தது. மைனஸ் பதினொன்று. நான் போனபோது அவள் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேநீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"நடந்து வந்தியா, தவழ்ந்து வந்தியா? புள்ளை வெறச்சுப் போய்க் கெடக்கு. துரை ஆடி அசைஞ்சு வர்றாரு."

"ரோட்டுல வண்டியே ஓடல அக்கா," என்றேன்.

"வாய் மட்டும் நல்லா ஓடுது," என்றாள்.

அப்போதே இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் கேஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை உஸ்தா என்று மரியாதையாகக் கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் வாயை மூடிக்கொள்வேன். அந்தத் தெருவில் பாதி வீட்டு வேலை அவள் சொல்லித்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது.

அவளுடைய மகன் பஹ்ரொம் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவனுடைய இரண்டாவது மனைவி ஷஹ்லோவுக்கு ஒன்பது நாளைக்கு முன்னால் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சில்லாவில் இருந்தார்கள். பிரசவமானவள் நாற்பது நாளைக்குத் தன் அறை வாசலைத் தாண்டக் கூடாது. எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் மனைவியும் மூன்று முறை இருந்து எழுந்தவள்தான்.

நடையின் கடைசியில் அந்த அறை. கதவுக்கு வெளியே, இடுப்பு உயரத்தில், கேஸ் குழாயில் மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு வால்வு இருந்தது. அது என் கைவேலை. மூன்று குளிர்காலம் முன்னால் முக்கர்ரம் அக்கா கூப்பிட்டு, அந்த ஒரு அறைக்கு மட்டும் தனியாக ஒரு வால்வு வேண்டும், அதுவும் கதவுக்கு வெளியே வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அன்று அதைப் பார்த்ததும் பார்க்காதவன் போலத் தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

அறைக்குள் வெளியை விடக் குளிர் அதிகமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்திருந்தது. ஷஹ்லோ மூலையில் இரண்டு பஞ்சுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் துணி மூட்டைக்குள் குழந்தையின் முகம் மட்டும் தெரிந்தது. உதட்டில் நீலம் ஏறியிருந்தது.

"உஸ்தா அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள எரிஞ்சிடுமா?" என்றாள். "நேத்து ராத்திரி முழுக்க அழுதான். இன்னைக்குப் பால் குடிக்க மாட்டேங்குறான். அழவும் மாட்டேங்குறான் அண்ணே."

அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயமில்லை. அழாத பிள்ளை இன்னொரு ராத்திரி தாங்காது.

"ஏன் அக்கா, உங்க ரூம்ல வேர்க்குற அளவுக்குச் சூடு இருக்கே. நான் இதைச் சரி பண்ற வரைக்கும் புள்ளைய அங்க வச்சுக்கலாம்ல?" என்றேன்.

முக்கர்ரம் அக்கா வாசலுக்கு வெளியே நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சில்லாக்காரி வாசல் தாண்டுவாளா? காத்து கருப்பு அடிச்சா நீ வந்து மந்திரிப்பியா? உனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான். அதையாவது ஒழுங்காப் பாரு."

சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான் ஹீட்டரின் மேல் தகட்டைக் கழற்றினேன். சுவரில் பதித்த வகை. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியாக இழுத்து, புகையை அதே வழியில் வெளியே தள்ளிவிடும். சுடர் எரிகிற அறை கண்ணாடி போட்டு மூடியிருக்கும். அறைக் காற்று உள்ளே நுழைய வழியே கிடையாது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தேன். கேஸ் நன்றாக வந்தது. குமிழை அழுத்தித் திருப்பினேன். பொறி தட்டியது, சின்னச் சுடர் பிடித்துக்கொண்டது. அந்தச் சுடர் ஒரு செப்பு முனையைச் சூடாக்க வேண்டும். முனை சூடானால்தான் கேஸ் தொடர்ந்து வரும். அதற்கு முப்பது எண்ணும் வரை குமிழை விடக் கூடாது. எண்ணினேன்.

முப்பதில் கையை எடுத்தேன். அணைந்துவிட்டது.

முனையில் கரி பிடித்திருக்கும் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். மறுபடி பற்றவைத்தேன். மறுபடி அணைந்தது. கொல்லைப்பக்கம் முழங்கால் ஆழப் பனியில் நடந்து போய்க் குழாயின் வாயைப் பார்த்தேன். அடைப்பே இல்லை. கையை விட்டுத் துழாவினேன், துளி பனியும் இல்லை. திரும்பி வந்து முனையையே கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன். இதற்கு மேல் எரியாமல் போக அந்த ஹீட்டருக்கு ஒரு காரணமும் கிடையாது.

மூன்றாவது தடவை குமிழை அழுத்தினேன். சுடர் பிடித்தது. கண்ணாடிக்குள் அதையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

பத்தைத் தாண்டியதும் புளித்த பால் வாசனை வந்தது.

பதினைந்தில் என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

மெல்லிய குரல். என் வலது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பதினாறு, பதினேழு என்று, பல் கிட்டித்த வாயால் எண்ணுவது போலக் கேட்டது. நான் நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை.

இருபத்தெட்டு.

இருபத்தொன்பது.

என் விரல் குமிழ் மேல்தான் இருந்தது. எடுக்கவே இல்லை. மூடிய கண்ணாடிக்குள் சுடர் என் பக்கமாக வளைந்தது, யாரோ பின்னாலிருந்து வாய் குவித்து ஊதியது போல. உஃப் என்று ஒரு சத்தம். அணைந்துவிட்டது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

பஹ்ரொமின் முதல் மனைவி ஒய்தின். வால்வு போட்டுக் கொடுத்த அடுத்த மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இதே அறையில்தான் சில்லா இருந்தாள். ஒரு சாயங்காலம் எனக்குப் போன் போட்டாள். "உஸ்தா அண்ணே, ஹீட்டர் எரியல. தெருவுக்கே கேஸ் இல்லைன்னு அத்தை சொல்றாங்க. ஆனா அவங்க ரூம்ல எரியுது அண்ணே," என்றாள். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனாலும் என்ன சொன்னேன் தெரியுமா? குமிழை அழுத்திப் பிடிம்மா, முப்பது எண்ணு என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே எண்ணினாள். எரியவில்லை. இன்னொரு தடவை எண்ணு என்றேன். பல் கிட்டிக்க மறுபடியும் எண்ணினாள். கதவுக்கு வெளியே ஒரு வால்வு இருக்கிறது, கையை நீட்டித் திருப்பு என்று நான் சொல்லவே இல்லை. முக்கர்ரம் அக்காவைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் இரண்டு பேரையும் அடக்கம் செய்தார்கள். நுரையீரல் காய்ச்சல் என்று ஊர் முழுக்கச் சொன்னாள் முக்கர்ரம் அக்கா.

"உங்களுக்கும் கேக்குதா அண்ணே?"

ஷஹ்லோ மூலையிலிருந்து கிசுகிசுத்தாள். நான் குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

"எனக்குத் தெனமும் கேக்குது. ராத்திரி என் போர்வைய இழுத்து இவன் மேல போடுவா. அப்புறம் என் முதுகுல கைய வச்சு வாசல் பக்கமாத் தள்ளுவா. எரிய விடாம ஊதறதும் அவதான். போ, இந்த ரூம்ல இருக்காதே, போன்னு தள்ளுறா. அத்தைக்குப் பயந்துக்கிட்டு நான்தான் போகல."

"யாரு தள்ளுறா?"

"தெரியாத மாதிரிக் கேக்குறீங்களே," என்றாள்.

குழந்தை ஒரு தடவை விக்கியது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நான் அவள் மடியிலிருந்து அதை வாரி எடுத்தேன். மூட்டைக்குள் கை விட்டேன், சில்லென்று இருந்தது. "எந்திரிம்மா, சில்லாவும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு," என்று சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அவள் என் முதுகை ஒட்டியே வந்தாள். அவள் தாண்டியபோது யாரோ பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

முக்கர்ரம் அக்கா தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

"யாரைக் கேட்டுடி வெளிய வந்த?"

"ஹீட்டர் எரிய மாட்டேங்குது அத்தை. அங்க ஒருத்தி இருக்கா."

"ஒருத்தி இருக்காளாம்! முன்னாடி இருந்தவளும் இப்படித்தான் நடிச்சா. புருஷன்கிட்ட என்னைப் பத்திக் கோள் சொன்னா. ஒரு ராத்திரி குளிர்ல கெடந்தா புத்தி வரும்னு கேஸை மூடி வச்சேன். செத்துத் தொலைஞ்சா. அதுக்கு நான் என்னடி பண்ண முடியும்?"

இதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம்கூட இறக்கம் இல்லை. சந்தையில் விலை கேட்பவள் மாதிரிச் சொன்னாள். என்னைப் பார்த்து, "இருபத்தாறு வருஷ உஸ்தா! ஒரு ஹீட்டரைப் பத்தவைக்கத் துப்பில்லை, பேயி பிசாசுன்னு அவளோட சேர்ந்து கதை விடுறியா? வந்து பாரு," என்று எங்களை இடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள்.

ஹீட்டர் முன்னால் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குமிழைத் திருப்பினாள்.

முதல் தட்டலிலேயே பிடித்துக்கொண்டது.

அழுத்திப் பிடிக்கக்கூட இல்லை. சின்னச் சுடர், உடனே பெரிய சுடர், நீலமாக வரிசை கட்டி எரிந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டிக் காய்ச்சிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா? அதுக்கு யாரு சொன்னாக் கேக்கணும்னு தெரியும். போ, போய் அவளையும் புள்ளையையும் இங்கேயே கொண்டு வந்து விடு."

அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. யாரும் தொடவும் இல்லை.

நான் நடையில் நின்றிருந்தேன். என் இடுப்புப் பக்கத்தில் கிறீச் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் கைப்பிடி திரும்பிக்கொண்டிருந்தது. குழாயோடு நீளமாகப் படுத்திருந்தது, அவசரமில்லாமல் திரும்பிக் குறுக்கே வந்து நின்று கேஸை மூடியது. கைப்பிடியின் மேல் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக உறைபனி பூத்தது.

"ஹம்தம்! அணைஞ்சு போச்சு பாரு," என்றாள் உள்ளேயிருந்து.

பிறகு கதவைத் தட்டினாள். "கதவை யாருடா சாத்துனது? தெறடா!"

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் கிடையாது. நான் தள்ளிப் பார்த்தேன், சுவரைத் தள்ளுவது மாதிரி இருந்தது. வால்வில் கை வைத்தேன். அது இறுகியிருக்கவில்லை. லேசாகத் தொட்டதுமே அசைந்து கொடுத்தது. நான் திருப்பினால் திரும்பியிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அது திரும்பியிருக்கும்.

"விட்டுடுங்க அண்ணே."

ஷஹ்லோ மாமியாரின் அறை வாசலில் நின்றிருந்தாள். சூடு பட்டதும் குழந்தை கண் விழித்து அவள் மார்பில் வாய் வைத்திருந்தது. அது உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"விட்டுடுங்க," என்றாள் மறுபடியும். குரல் கெஞ்சவில்லை.

நான் கையை எடுத்துவிட்டேன்.

அவள் தேநீர் ஊற்றினாள். ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். நான் அந்தச் சூடான அறையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து குடித்தேன். நடையின் கடைசியில் தட்டிக்கொண்டே இருந்தாள் முக்கர்ரம் அக்கா. முதலில் என்னை வைதாள், அடுத்து மருமகளை. கொஞ்ச நேரம் கழித்து வைவதை நிறுத்திவிட்டு, குளிருதும்மா, குளிருதும்மா என்றாள். என்னை முதல் முறையாக "உஸ்தா" என்று கூப்பிட்டாள். "உஸ்தா, உங்க கால்ல விழுறேன், தெறந்து விடுங்க." ஷஹ்லோ என் கிண்ணத்தை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கடைசியில் உள்ளே யாரோ தாலாட்டுவது கேட்டது. அது முக்கர்ரம் அக்காவின் குரல் இல்லை.

தட்டுவது நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

மெத்தையில் அவள் சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். இமை மயிரில் பனி. குமிழ் மேல் இருந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதினார். குளிப்பாட்டின பெண்கள் மூன்று தடவை வெந்நீர் மாற்றினார்கள், உடம்பு இளகவே இல்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். மூன்று நாள் கழித்துத்தான் பஹ்ரொம் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்தான். துக்கம் முடிந்ததும் போய்விட்டான்.

நானும் அந்தத் தெருப் பக்கம் ஒரு வருஷம் போகவில்லை. வால்வைத் திருப்பினது நான் இல்லை, செத்தவள் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டாள், எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போன ஜனவரியில் ஊருக்கே ஒன்பது நாள் கேஸ் நின்றுபோனது. எல்லோரும் விறகுக்கு அலைந்தார்கள். அப்போது ஷஹ்லோ கூப்பிட்டாள்.

"ஹீட்டர் ரிப்பேர் இல்லண்ணே. நல்லா எரியுது. நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க," என்றாள்.

நல்லா எரியுதா? கேஸே இல்லாமலா? போனேன். பத்து மணி வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. அழுத்தமானியைக் குழாயில் மாட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது. குழாய் காலி. அந்த அறையில் சுடர் நீலமாக வரிசை கட்டி எரிந்துகொண்டிருந்தது. குழந்தை சட்டையில்லாமல் ஹீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று குதித்தது. அதன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஷஹ்லோவும் தலைத்துணியின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என் மூச்சு மட்டும் புகையாக வந்தது.

ஹீட்டர் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். ஐஸ் கட்டி. தோல் ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுத்தேன்.

"ஏம்மா, இங்க குளிரா இல்லையா?" என்றேன். பல் கிட்டித்து வார்த்தை உடைந்தது.

"எங்களுக்குக் குளிரல அண்ணே," என்றாள். "அன்னைக்குப் போன்ல அவகிட்ட என்ன பேசுனீங்கன்னு எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. உங்களை ஒரு தடவை வரச் சொல்லுன்னா. அதான் கூப்பிட்டேன்," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்கு வழி விட்டாள். நான் ஓடாத குறையாக வெளியே வந்தேன்.

இப்போது ஜூலை. கோடைச் சில்லா, வெயில் உச்சத்தில் இருக்கும் நாற்பது நாள், நடக்கிறது; தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. நான் இரண்டு கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். போன வாரத்திலிருந்து என் மனைவி வேறு அறையில் படுக்கிறாள். காலையில் விரிப்பை உதற வந்தவள் என் பக்கத்தில் இருந்ததைக் காட்டிவிட்டு அழுதுகொண்டே போனாள். மெத்தையில் உறைபனி படிந்து, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து எழுந்த தடம் இருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில், என் விலாவை ஒட்டி, ஒரு முழ நீளத்தில் இன்னொரு சின்னத் தடம் இருந்தது.